எலிக்கு வைத்த இலை

எங்கள் வீட்டு அம்மிக்கு அந்த வருஷம் இரண்டு உத்தியோகம். விடிந்ததும் எலிகளுக்குக் கீழாநெல்லி அரைக்கும். கழுவிவிட்ட பிறகு எங்களுக்குச் சட்னி அரைக்கும். எலிக்கு முதல் பந்தி, நமக்கு இரண்டாம் பந்தியா என்று அம்மா கேட்காத நாளில்லை. சித்தப்பா கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, கல்லில் ஒட்டிய பச்சையைக்கூட விடாமல் வழித்து எடுப்பார்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் தங்கி, கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தெருவில் அவருக்கு எலி வாத்தியார் என்று பெயர். கல்லூரியில் இருந்த அரைக்கிற மிஷின் ரிப்பேராகி, சரிசெய்ய ஆள் வருகிறான் வருகிறான் என்று மாதக்கணக்கில் ஓடிவிட்டது. அதனால்தான் எங்கள் அம்மிக்கு அந்தக் கதி. போதாததற்கு, கிணற்றடியில் அம்மா கீரை போட்டிருந்த பாத்தியையும் பிடித்துக்கொண்டு, அதில் கீழாநெல்லி வளர்த்தார். ஊரே களை என்று பிடுங்கிப் போடுகிற செடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிற மனுஷனை அம்மா அதற்கு முன் பார்த்ததில்லையாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கேள்வி கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இருந்ததாக ஞாபகம் இல்லை. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை அரிக்கும். நச்சரிப்பு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலிகளுக்குத் தீனி வைக்கக் கல்லூரிக்குப் போகும்போது சித்தப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

வெள்ளை எலிகள். சிவப்புக் கண். எல்லாம் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி என்னைத்தான் மோந்து பார்த்தன. மூன்று கூண்டுகள். முதல் கூண்டுக்கு வெறும் தீனி, வேறு ஒன்றும் கிடையாது என்றார் சித்தப்பா. இரண்டாவது கூண்டுக்கு விஷம். மூன்றாவது கூண்டுக்குச் சில நாட்கள் இலைச்சாறு கொடுத்துவிட்டு, பிறகு விஷம். விஷம் ஈரலைக் கெடுக்கும். இலை அந்த ஈரலைக் காப்பாற்றுகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. விஷப் புட்டியின் மூடியைத் திறந்து தூரத்திலிருந்தே எனக்கு வாசனை காட்டினார். பட்டுப்புடவைக் கறைக்குச் சலவைக்காரர் தடவுகிற மருந்து போல இருந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது.

“மூணாவது கூண்டு எலிக்குக் காமாலையா சித்தப்பா?”

“இல்லையே. நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் எதுக்கு இலை?”

“இனிமேதான ஈரல் கெடப் போவுது. அதுக்கு முன்னாலயே குடுக்கறோம்.”

“கெடப் போவுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நல்லா கேட்ட போ! விஷத்தக் குடுக்கப் போறதே நான்தானே?”

இது எனக்கு மண்டையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. நோய் வந்த பிறகு இலை கொடுத்தால் அது வைத்தியம். நோய் வருவதற்கு முன்பே கொடுத்தால், விஷம் வரப்போவது கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விஷத்தைக் கொடுக்காமலே இருந்துவிட்டால் இலையே வேண்டாமே என்றும் கேட்டேன். அப்புறம் எனக்கு எவன் பட்டம் கொடுப்பான் என்று சிரித்தார். மூன்றாவது கூண்டில் எல்லா எலியும் பிழைக்குமா என்றதற்கு, எல்லாம் பிழைக்காது, இரண்டாவது கூண்டைவிடக் கொஞ்சம் கூடப் பிழைத்தால் போதும் என்றார். கொஞ்சம் கூட என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அரைப்பரீட்சை லீவு வந்தது. லீவு என்றால் எனக்குக் கழுக்குன்றம். அங்கேதான் அம்மாவின் தம்பி இருந்தார். மாமா லாரி ஓட்டினார். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜல்லிக்கும் மணலுக்கும் ஓயாத கிராக்கி. மாமாவின் லாரி தெருமுனையில் திரும்பும்போதே மூன்று தெருவுக்குக் கேட்கும். அதைவிடப் பலமாகக் கேட்கும் அவருடைய குரல். “எங்கடா எம் மருமவ?” என்று கத்திக்கொண்டே வந்து, என்னைத் தூக்கி உத்தரத்தைத் தொடவைத்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். அந்த லீவில் என்னைத் தூக்கவில்லை. “வளந்துட்ட மருமவளே” என்று கன்னத்தைத் தட்டினார். தட்டிய கை நடுங்கியது. கை கால் எல்லாம் இளைத்து, வயிறு மட்டும் சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. ஓட்டல் சாப்பாடு தொப்பை போட்டுவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மாமாவின் மனைவியை அத்தை என்று கூப்பிடுவேன். அவளுக்குக் குழந்தை இல்லை. பேச்சும் அளவுதான். ஆனால் நான் போனால் தலைவாரிவிடுவதிலிருந்து முதுகு தேய்த்துவிடுவது வரைக்கும் அவள் கைதான். போன மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பி, வாடி கண்ணு என்று ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். மழை விட்ட புதுசு. வரப்பெல்லாம் பச்சை. அத்தை குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி மடியில் போட்டாள். எனக்குத் தெரியாத செடியா? இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய். நான் பெரிய மேதாவி மாதிரி வாயைத் திறந்தேன்.

“அத்தை, இது கீழா...”

சேற்றுக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். “பேரச் சொல்லாத கண்ணு. பேரச் சொல்லிப் பறிச்சா பலிக்காது. யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, இன்னா?”

செங்கல்பட்டில் சித்தப்பா அதே செடிக்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிற மாதிரி ஒரு லத்தீன் பெயர் சொல்வார், ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சொல்வார். இங்கே தமிழ்ப் பெயரையே சொல்லக் கூடாது. ஒரே செடிக்கு இரண்டு சட்டமா என்று யோசித்துக்கொண்டே வாயிலிருந்த சேற்றைத் துப்பினேன். “யாருக்கு அத்தை காமாலை?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“யாருக்கும் இல்ல. வராம இருக்கத்தான்.”

எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை இலையை விழுதாக அரைத்து, மோரில் கரைத்து, வடிகட்டி, டம்ளரை மாமாவிடம் நீட்டினாள். “இன்னாடி இது, எனுக்கு இன்னா காமாலையா கீது? தெனம் இந்தக் கருமத்தக் குடுத்துகினு!” என்றார் மாமா. “வராம இருக்க. குடிச்சிட்டுப் போங்க” என்றாள் அத்தை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு லாரியில் ஏறினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மூன்றாவது கூண்டு. சந்தேகமே இல்லை. யாரோ அவருக்கு விஷம் கொடுக்கப் போகிறார்கள், அது அத்தைக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் கொடுக்கப் போகிறார்கள்? சித்தப்பா சொன்னபடி பார்த்தால் இலை கொடுக்கிறவரேதான் விஷத்தையும் கொடுக்க வேண்டும். அதாவது அத்தை. ஐயோ, என் தலையைச் சிக்கெடுத்துவிடுகிற அத்தையா! மாமாவின் தட்டில் போடுகிறதையெல்லாம் முதலில் என் தட்டில் போடச் சொல்லி அடம்பிடித்தேன். மாமா தூங்கும்போது இமையை விரலால் பிதுக்கிக் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் அலறிக்கொண்டு எழுந்து, “இன்னாடி பண்ற, பிசாசே!” என்றார். கண்ணில் லேசாக மஞ்சள் இருந்தது. இருந்ததா, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று இரண்டு நாள் குழம்பினேன்.

பிறகு ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்குத் துப்புக் கிடைத்தது. லாரி கிளீனர் அண்ணன் மாமாவைத் தோளில் தாங்கி அழைத்துவந்து கட்டிலில் படுக்கவைத்தார். மாமாவுக்குக் களைப்பு என்று என்னிடம் சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னிக்கும் தண்ணி ஜாஸ்தி அண்ணி. நான் எவ்ளோ சொன்னேன், அண்ணாத்த கேக்கல.”

“எங்க?”

“அதான், மகாபலிபுரம் ரோட்டுல, சவுக்குத் தோப்புல.”

“அந்தத் தண்ணி ஈரலத் தின்னுகினு கீதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் இன்னாதான் பண்றது, சொல்லு” என்றாள் அத்தை.

மதுவிலக்கு திரும்பவும் வந்திருந்த சமயம் அது. சாராயம் என்ற சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தண்ணி என்பார்கள். பெரியவர்களுக்குள் புழங்கிய அந்த அகராதியை எனக்கு யாரும் காட்டவில்லை. எனக்குத் தண்ணி என்றால் தண்ணீர்தான். ஆக, சவுக்குத் தோப்பில் ஏதோ ஒரு கிணறு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் விஷம், அதை மாமா தாகத்துக்குக் குடிக்கிறார். அத்தை குற்றவாளி இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில், ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் எதற்கு என்று கேட்காமல் என் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

இவ்வளவு எளிய விஷயத்துக்கு டாக்டரிடம் போய், இலை அரைத்து, கண் கலங்கி... பெரியவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வந்தது. கையோடு நல்ல தண்ணீர் கொடுத்தனுப்பினால் ஆயிற்று! மறுநாள் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, கூஜாவில் ஊற்றி இறுக மூடிக்கொண்டு, லாரியில் நானும் வருவேன் என்று தரையில் புரண்டேன். மாமா மாட்டேன் என்றார். அத்தைதான், “கூட்டிகினு போங்க, புள்ள கடலப் பாக்கட்டும்” என்றாள். கேட்டவுடனே எப்படிச் சம்மதித்தாள் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, “மாமாவ விட்டு எங்கயும் போவக் கூடாது, இன்னா?” என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள்.

வழி நெடுக மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஜல்லிமேட்டில் கொடுத்தேன். நடு ரோட்டில் மாடு குறுக்கே வந்ததற்கு நிறுத்தியபோதும் கொடுத்தேன். “மருமவ இன்னிக்கு என்னத் தண்ணியிலயே முழுவ வெச்சிடுவா போலகீதே” என்றார் மாமா. கிளீனர் அண்ணன் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “குடிங்க அண்ணாத்த, இது நல்ல தண்ணி! காசு இல்லாத தண்ணி!” என்றார். அவர் ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்று விளங்காவிட்டாலும், கூட்டத்தோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

மகாபலிபுரத்தில் ஒரு கட்டிடத்தில் ஜல்லியைக் கொட்டினோம். கடலைப் பார்த்தேன். மாமா எனக்குச் சிப்பி மாலை வாங்கிக்கொடுத்தார். திரும்பும்போது சவுக்குத் தோப்பு ஓரம் லாரி நின்றது. “ஒக்காந்துகினு இரு மருமவளே, தோ வந்துட்டேன்” என்று இறங்கிப் போனார். கிளீனர் அண்ணன் என் கையைப் பிடித்தார். நான் உதறிக்கொண்டு குதித்தேன். மணலில் கூஜாவோடு ஓடுவது லேசில்லை. சடை அவிழ்ந்து, தண்ணீர் தளும்பி, ஒருவழியாக அவர் முதுகைக் கண்டுபிடித்தேன்.

கிணறு எதுவும் இல்லை. மணலில் பாதி புதைத்த பானை ஒன்று, அதன் பக்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திய ஒரு பெண். நாலைந்து ஆட்கள் குந்தியிருந்தார்கள். அவள் மொண்டு கொடுத்த டம்ளர் மாமா கையில் இருந்தது. நெடி என் மூக்கைத் துளைத்தது. சித்தப்பாவின் புட்டியும் இதுவும் ஒரே நெடி இல்லை, ஆனால் அதே கிறுகிறுப்பு.

“மாமா, குடிக்காத! அந்தத் தண்ணியில விஷம் கீது!”

எல்லோரும் திரும்பினார்கள். பிறகு சிரித்தார்கள். “எங்களுக்கும் தெரியும் பாப்பா” என்றார் ஒருவர். பானைக்காரி சிரிக்கவில்லை. “கொழந்தைய இட்டுகினு இங்க இன்னாத்துக்குய்யா வந்த?” என்று மாமாவைத் திட்டினாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு பெரிய ஆட்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே! மூச்சு வாங்க வாங்கச் சித்தப்பாவின் ஆராய்ச்சி முழுவதையும் கொட்டினேன்.

“எலிக்கு விஷம் குடுத்தா ஈரல் வீங்கிப் போயிடும் மாமா! நீ மூணாவது கூண்டு. அதான் அத்தை உனக்கு முன்னாலயே இலை குடுக்கறாங்க. ஆனா மூணாவது கூண்டுலயும் எல்லா எலியும் பொழைக்காதாம். சித்தப்பா சொன்னாரு. கொஞ்சம்தான் பொழைக்குமாம்!”

சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. மாமா டம்ளரைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். “அதுக்காடி குடுக்கறா அவ?” என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை. டம்ளரை மணலில் கவிழ்த்தார். கூஜாவை வாங்கி, அதில் மிச்சமிருந்ததை அண்ணாந்து குடித்தார். வீடு வரைக்கும் கியர் போடுகிற கை உதறிக்கொண்டே வந்தது.

அதன் பிறகு நான் இருந்த நாட்களெல்லாம் மாமா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். வேர்த்துக் கொட்டும், உடம்பு நடுங்கும், எரிந்து விழுவார். மார்கழிக் குளிர் என்றாள் அத்தை. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். சித்தப்பா எத்தனையோ எலியை வைத்துக்கொண்டு முடிக்காத ஆராய்ச்சியை நான் ஒரு மாமாவை வைத்துக்கொண்டு முடித்துவிட்டேன் அல்லவா? ஆனால் அத்தை மறுநாளும் இலை பறிக்கப் புறப்பட்டாள். “இனிமே எதுக்கு அத்தை? விஷம்தான் நின்னுபோச்சே. விஷம் வரப்போவுதுன்னு தெரிஞ்சாத்தான் முன்னால இலை குடுக்கணும்” என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். அத்தை பொறுமையாகக் கேட்டாள்.

“ஆமாண்டி கண்ணு” என்றாள். “இருந்தாலும் இருக்கட்டும்.” வரப்பில் குனிந்து பறிக்கத் தொடங்கினாள்.

பொங்கலுக்கு மாமா வரிசை கொண்டுவருவது வழக்கம். அந்த வருஷம் கரும்பையும் வெல்லத்தையும் தூக்கிக்கொண்டு கிளீனர் அண்ணன் மட்டும் வந்தார். அம்மா அவரைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போய் ஏதோ கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணா, மாமா இப்பல்லாம் நல்ல தண்ணிதானே குடிக்கறாரு?”

“ஆமா பாப்பா. நல்ல தண்ணிதான்” என்றார் கரும்பைப் பார்த்து. பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, தயங்கித் தயங்கிச் சொன்னார். “எங்க ஊர்ல மழ நின்னு அந்தச் செடி காஞ்சிபோச்சுங்க. உங்க வூட்ல போட்டு வெச்சிருக்கீங்களாமே. கொஞ்சம் குடுத்தனுப்பச் சொன்னாங்க அண்ணி.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “விஷம் நின்ன அப்புறமும் இலை கேக்கறாங்களே! அத்தைக்கு ஆராய்ச்சியே புரியல சித்தப்பா!” என்று கைகொட்டினேன். சித்தப்பாவும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அப்படியே கிணற்றடிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, பிடுங்க ஆரம்பித்தார். கொஞ்சம் அல்ல, பாத்தி முழுக்க, ஒரு செடி விடாமல், வேரோடு. அம்மா ஓடிவந்து அவற்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டிக்கொடுத்தாள். இத்தனை மாதம் அந்தச் செடியைக் கரித்துக்கொட்டிய அம்மா! கிளீனர் அண்ணன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வெறும் மண்ணாகக் கிடந்தது பாத்தி. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்ப மூணாவது கூண்டு?” என்று கத்தினேன். “நாளைக்கு எலிக்கு என்ன குடுப்பீங்க?”

சித்தப்பா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பொங்கல் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து ஒரு மூச்சு அழுது தீர்த்தேன். அந்த வீட்டில் அன்று அம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள். நான் எலிகளுக்காக அழுதேன்.